இரும்புக் குவியல்

வெள்ளிக்கிழமை ஹராஜுக்குப் பெண்டாட்டியோடு வருகிற ஒரே ஆள் ஃபர்ராஜ்தான். பழைய வண்டிகளை ஏலம் போடும் அந்தத் திடலில் ஊர்ப்பட்ட ஆண்கள் புழுதிக்குள் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள். அவருடைய பிக்கப்பின் வலப்பக்க இருக்கையில், முகத்திரைக்குள், மடியில் காபிக் குடுவையை வைத்துக்கொண்டு மிஸ்னா உட்கார்ந்திருப்பாள்.

“வீட்டுல விட்டுட்டு வந்தா யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்களா, அபூ ஷாஃபி?” என்று யாராவது சீண்டுவார்கள். மூத்த மகன் ஷாஃபியின் பேரைச் சொல்லித்தான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவது.

“இங்க விக்கிற காபியை வாயில வைக்க முடியல. அதான் கையோட கூட்டிட்டு வந்துட்டேன்,” என்பார் அவர்.

உண்மையான காரணம் மிஸ்னாவுக்குத் தெரியும். அது அவருக்கும் தெரியுமா என்பதுதான் அவளுக்குத் தெரியாது. மூன்று குளிர்காலமாக அவர் கண்ணில் புகை மூட்டம். கேட்டால், “புழுதி. இந்த வருஷம் மழை இல்ல, காத்து முழுக்க மண்ணு,” என்பார். போன வருஷம் நல்ல மழை. அப்போதும் புழுதி என்றுதான் சொன்னார். ஆஸ்பத்திரி என்று அவள் வாயைத் திறந்த அன்றிலிருந்து நான்கு நாள் வீட்டில் பேச்சே இல்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட ஆட்டுக்குட்டியிடம் பேசுவதுபோல “நகரு” என்று தள்ளினார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கூடவே வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தாள்.

ஹராஜில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் கூவுகிறவர் கூவத் தொடங்கும்போதே, “இரும்புக் குவியல்! தண்ணியில கரைஞ்ச உப்பு!” என்று ஒரு சத்தம் போட்டுவிடுவார். நீ வாங்குவது வண்டியில்லை, வெறும் இரும்புக் குவியல். உள்ளே என்ன ஓட்டை உடைசல் இருந்தாலும் அது உப்பாகக் கரைந்துபோயிற்று, நாளைக்கு வந்து சட்டையைப் பிடிக்காதே என்று அர்த்தம். அந்தச் சத்தத்தோடு விற்பவனின் பொறுப்பு தீர்ந்தது. பளபளவென்று மின்னுகிற வண்டியைக்கூட அப்படித்தான் விற்பார்கள். ஃபர்ராஜ் மட்டும் தன் வண்டிகளுக்கு அதைச் சொல்ல விட்டதே இல்லை. “என் முகத்துல இருக்கு,” என்பார். முகத்தைக் கொடுப்பது என்றால் லேசுப்பட்ட விஷயம் இல்லை. சொன்னது பொய்யென்று ஆகிவிட்டால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதோடு போகாது. அதன் பிறகு அந்த முகத்தை அந்தத் திடலில் காட்ட முடியாது. ஃபர்ராஜின் வண்டி என்றால் ஆட்கள் அடியில் படுத்துப் பார்க்காமல் வாங்கினார்கள். ஆயுசு பூராவும் நகராட்சித் தண்ணி லாரி ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். அவர் சம்பாதித்ததிலேயே உருப்படியானது அந்தப் பேர்தான்.

இந்தத் தடவை விற்கப் போவது ஒரு ஷாஸ். எண்பதுகளில் வந்த லேண்ட் குரூசர் பிக்கப்புக்கு அங்கே அதுதான் பெயர். பாலைவனத்தில் எவனோ கைவிட்டுப் போனதை, சக்கரம் பாதி மணலில் புதைந்து கிடந்ததை, ஃபர்ராஜும் மிஸ்னாவின் தம்பி நஹாரும் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சினுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஒன்றரை வருஷம் அதன் மேலேயே கிடந்தார்கள். எஞ்சினை இறக்கி, கழற்றி, ஒவ்வொரு உறுப்பையும் டீசலில் கழுவி, மிஸ்னாவின் பழைய போர்வை மேல் வரிசையாகப் பரப்பி வைத்தார்கள். அவள் இருக்கைகளுக்கு உறை தைத்தாள். ஊசி முனை உடைந்து உடைந்து அவள் விரலெல்லாம் புண். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தகரத்தைத் தேய்ப்பதும் அவள் வேலைதான். முட்டி செத்துப்போகும், நிறுத்த மாட்டாள். நிறுத்தினால் அவர் தேய்ப்பார். அவர் தேய்த்தால் தேய்த்த இடத்தையே திரும்பத் தேய்ப்பார்.

வம்பு வந்தது வலப்பக்கக் கதவில். பழைய கதவின் அடிப்பக்கம் துருவேறி, விரலை வைத்தால் உள்ளே போனது. பழைய வண்டிகளை உடைத்து விற்கிற யார்டில் தேடி நீல நிறக் கதவு ஒன்றைப் பிடித்து வந்தார் ஃபர்ராஜ். வண்டியின் மற்ற பாகத்துக்கெல்லாம் போன இலையுதிர் காலத்திலேயே மணல் நிறம் அடித்தாயிற்று. மிச்ச பெயின்ட் டப்பாவிலேயே காய்ந்துபோயிருந்தது. கடையில் நிறத்தின் எண்ணைச் சொன்னால் மெஷினே கலந்து கொடுக்கும்.

“எண்ணு சரியா வரும், நிறம் சரியா வராது,” என்றார். “வண்டி இத்தனை மாசம் வெயில்ல நின்னிருக்கு. வெயில் குடிச்ச நிறத்துக்கு எந்த மெஷின்ல எண்ணு இருக்கு? கண்ணாலதான் பிடிக்கணும்.”

அது நியாயமான பேச்சுதான். கண்தான் இல்லை.

முற்றத்தில் தார்ப்பாயைக் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, கம்ப்ரஸரை ஓடவிட்டு, தானே கலந்த பெயின்டை அடித்தார். காய்ந்ததும் நான்கு எட்டு பின்னால் போய் நின்று பார்த்தார். அவளைக் கூப்பிட்டார். வண்டி காய்ந்த மணல் நிறம். கதவு உருக்கிய நெய் நிறம். குருடனுக்குக்கூடத் தெரியும் என்று அவள் மனசுக்குள் வந்த வார்த்தையை அங்கேயே மென்று விழுங்கினாள்.

“பிடிச்சிட்டேன் பாத்தியா?” என்றார் ஃபர்ராஜ். தலைத்துண்டு முழுக்கப் பெயின்ட் தூள். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது.

“பிடிச்சிட்டீங்க,” என்றாள் மிஸ்னா.

வியாழக்கிழமை சாயங்காலம் நஹார் வந்தான். ஃபர்ராஜ் தொழுகைக்குப் போயிருந்தார். மிஸ்னா அடுப்பில் ஜரீஷ் கிளறிக்கொண்டிருந்தாள். உடைத்த கோதுமையை மோரில் வேகவைக்கிற காரியம். கரண்டியை விட்டால் அடி பிடித்துவிடும். நஹார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சமையலறை வாசலில் குந்தினான்.

“அக்கா.”

“என்னடா?”

“அந்தக் கதவு.”

“பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“பாத்துட்டு என்ன பண்ணச் சொல்ற? கிளறிக்கிட்டிருக்கேன்.”

“நாளைக்கு ஹராஜுக்குப் போவுதே அக்கா. வேற நிறத்துல கதவு இருந்தா அங்க என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா? வண்டி உருண்டிருக்குன்னு அர்த்தம். உருண்ட வண்டியை மறைச்சு விக்கிறான்னு அர்த்தம்.”

“நீ போய்ச் சொல்லேன். வண்டியில பாதி வேலை நீ செஞ்சதுதானே?”

“நான் எப்படிச் சொல்றது? மச்சான் என்னைத் தொலைச்சுக் கட்டிடுவாரு. போன மாசம் கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டே தேடினாரு. நான் எடுத்துக் குடுத்தேன். ‘எனக்குத் தெரியும், நீ வேலையைப் பாரு’ன்னு ஒரு பார்வை பாத்தாரு பாரு...”

“பார்வையா?”

நஹார் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். சிரித்த கையோடு இரண்டு பேருக்கும் வெட்கமாகிவிட்டது.

“நீ சம்சாரம். நீ சொன்னா தப்பில்ல,” என்றான் நஹார்.

“அவரு வாப்பாவை உனக்கு ஞாபகம் இருக்கா?” என்றாள் மிஸ்னா. “கடைசியில கண்ணு தெரியாம சுவரோரமா உக்காந்திருப்பாரு. வர்றவன் போறவன் எல்லாம் அவரு எதிர்லயே அவரைப் பத்திப் பேசுவான். ‘சாப்பிட்டாரா, தூங்கினாரா’ன்னு என்கிட்ட கேப்பான். கண்ணு போனா காதும் போன மாதிரி. உன் மச்சான் அதைப் பாத்துட்டு ஒரு நாள் சொன்னாரு, ‘மிஸ்னா, எனக்கு அது வர்றதுக்கு முன்னாடி சாவு வரணும்’னு. இதையெல்லாம் கேட்டுட்டு எந்த வாயால சொல்லுவேன், கதவு மஞ்சளா இருக்குன்னு?”

“அப்ப என்னதான் பண்றது?”

“நாளைக்குப் புழுதி அடிக்கும்னு சொல்றாங்க. புழுதி படிஞ்சா எல்லாம் ஒரே நிறம்தான்.”

“வாங்க வர்றவன் துண்டால துடைப்பான் அக்கா.”

“அப்ப நீ கூட வா. வந்து ஏதாவது சமாளி.”

நஹார் எழுந்து பின்பக்கத்து மண்ணைத் தட்டிக்கொண்டான். “நாளைக்கா? நாளைக்கு என் ஒட்டகம் குட்டி போடுற மாதிரி இருக்கு,” என்றான்.

“எந்த ஒட்டகம்? போன வாரம் குட்டி போட்டதா?”

“இது வேற அக்கா,” என்று சொல்லிக்கொண்டே அவன் வாசலைத் தாண்டிவிட்டான். ஜரீஷ் அடி பிடித்துவிட்டது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது ஃபர்ராஜ் தீய்ந்த வாடையைக் கண்டுபிடித்துவிட்டார். “உன் நெனப்பு எங்க இருக்கு?” என்றார். மூக்கும் நாக்கும் அவருக்கு நன்றாகத்தான் வேலை செய்தன. மிஸ்னாவுக்கு அலுப்பாக இருந்தது. அந்த அலுப்பு அடுப்படி வேலையால் வந்ததில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருத்தி பார்க்க வேண்டியிருந்தால் வருகிற அலுப்பு. மூன்று வருஷமாக அவள் கண் அவளுடையதாக இல்லை. தூங்கும்போது மட்டும்தான் மூடினாள், அப்போதும் அவர் எழுந்து நடக்கிற சத்தம் கேட்டால் திறந்துகொண்டது.

மறுநாள் மதியத் தொழுகை முடிந்ததும் அந்த ஷாஸிலேயே கிளம்பினார்கள். வானம் பழுப்பாக இருந்தது. வடக்கேயிருந்து காற்று மண்ணை நெடுஞ்சாலைக்குக் குறுக்கே பாம்பு பாம்பாக ஓட்டிக்கொண்டிருந்தது. ஃபர்ராஜ் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையை முன்னால் நீட்டி ஓட்டினார். மிஸ்னா தன் பேச்சைத் தொடங்கினாள்.

“இந்த லாரிக்காரனைப் பாருங்க, என்னா மெதுவா போறான். வைக்கோல் ஏத்தியிருக்கான் போல.”

வண்டியின் வேகம் குறைந்தது.

“தாண்டிடலாம், எதிர்ல காலியாத்தான் கெடக்குது. இப்படிக் காலியா கெடந்தா யாரு வியாபாரம் பண்ணுவா?”

வண்டி லாரியைத் தாண்டியது.

“ஐயோ, ஒட்டகம்! இடது பக்கம் நாலஞ்சு மேயுது. வேலி உடைஞ்சு கெடக்கு, எந்த மகராசன் விட்டுட்டானோ.”

“எவனாவது மோதிச் சாகட்டும்னுதான் விடுறானுங்க,” என்றார் ஃபர்ராஜ், பிரேக்கை லேசாக அழுத்தியபடி.

கேட்கிறவர்களுக்கு, ஓயாமல் தொணதொணக்கிற பொம்பளை. பெண்களுக்கு லைசன்ஸ் கொடுக்க ஆரம்பித்த முதல் வருஷமே அவள் வாங்கிவிட்டாள். அதற்கு ரொம்பக் காலம் முன்னாலேயே, சட்டம் எட்டிப் பார்க்காத பாலைவனத்தில், ஆடுகளுக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டியவள். ஆனால் அவர் கூட இருக்கும்போது அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

“ஹாயில் ஊர்ப்பக்கத்துக் கானிம் வர்றேன்னிருக்கான்,” என்றார் ஃபர்ராஜ். “முன்னாடி ரெண்டு வண்டி எங்கிட்ட வாங்கினவன். அவன் அப்பா ஓட்டின பழைய லாரி ஒண்ணு கொட்டகையில கெடக்காம். ‘இந்த ஷாஸ் எனக்கு வந்தா, அந்த லாரியை உனக்கு விட்டுடுறேன், நீதான் அதுக்கு உயிர் குடுக்கணும்’னான். எத்தனையோ பேர் கேட்டும் குடுக்கலையாம். ஏன் தெரியுமா?”

“ஏன்?”

“‘அபூ ஷாஃபி கையில போனாத்தான் எங்க அப்பா கபுர்க்குழியில நிம்மதியா தூங்குவாரு’ன்னான்.” ஸ்டியரிங்கைக் கட்டைவிரலால் தடவினார். “அதான் மிஸ்னா, இந்த வண்டியில ஒரு குத்தம் இருக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்து செஞ்சேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாலையோரம் நிறுத்தி, இறங்கி, கதவைக் காட்டி, திரும்பிப் போய்விடலாம் என்றிருக்கலாம். அவள் வாயைத் திறந்தாள். “முன்னால வேகத்தடை இருக்குது,” என்றுதான் வந்தது.

ஹராஜ் திடலில் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு கூட்டம் சேர்ந்தது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வந்தன. ஏலம் கூவுகிற துவைனி ஒரு பிக்கப்பின் முதுகில் நின்றுகொண்டு மைக்கைப் பிடித்திருந்தார். ஒவ்வொரு வண்டிக்கும், “இரும்புக் குவியல்! தண்ணியில உப்பு! கண்ணைத் திறந்து வாங்கு!” என்று ஒரே ராகத்தில் முழங்கினார். புகை, டீசல் வாடை, ஏலக்காய் வாடை, வியர்வை. தெரிந்தவர்கள் ஜன்னலில் வந்து ஃபர்ராஜின் கையைப் பிடித்தார்கள்.

“இந்தத் தடவையும் பாதுகாப்புக்கு ஆள் வந்திருக்கா?”

“வராம? ஒரு கப் காபி குடி. உன் நாக்குல இருக்கிற வெஷம் இறங்கட்டும்.”

கானிம் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனுஷர். ஃபர்ராஜின் பக்கமாக வந்து மூக்கோடு மூக்கு வைத்து நலம் விசாரித்தார். எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். “மணி மாதிரி இருக்கு, அபூ ஷாஃபி.” பிறகு வண்டியை ஒரு சுற்று வந்தார். மிஸ்னாவின் கதவுக்கு எதிரே வந்ததும் அவர் கால் நின்றது. கதவைப் பார்த்தார். பின்பக்கத் தகரத்தைப் பார்த்தார். மறுபடி கதவைப் பார்த்தார். மிஸ்னா நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். காபிக் குடுவையின் கைப்பிடி அவள் கையில் வழுக்கியது.

கானிம் அப்படியே நகர்ந்துபோனார்.

ஷாஸின் முறை வந்தது. ஃபர்ராஜ் இறங்கி வண்டிக்கு முன்னால் போய் நின்றார். துவைனி மைக்கில் சிரித்தார். “இது அபூ ஷாஃபி வண்டி. இதுக்கு என் பாட்டு தேவையில்ல. அவரே சொல்லுவாரு!” விலை ஏறத் தொடங்கியது. கானிமும் கேட்டார், இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். அப்போதுதான் மர்ஸூக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். வாங்கிய வண்டியை வாசல் தாண்டுவதற்குள் விற்றுவிடுகிற ஆள். குறை கண்டுபிடித்து விலையை இறக்குவதுதான் அவன் பிழைப்பு. தன் தலைத்துண்டின் முனையால் வலப்பக்கக் கதவை ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தான்.

“அபூ ஷாஃபி! இந்தக் கதவு எந்த ஊரு?”

“யார்டுல வாங்கினது. பழசு துரு. நான் மறைக்கலையே.”

“வண்டி உருண்டுச்சா?”

“உன் நாக்குதான் உருளுது. கூரையைத் தடவிப் பாரு, ஒரு சொட்டை இருக்கா?”

“அப்ப இந்தக் கதவு ஏன் இப்படி?”

“எப்படி?” என்றார் ஃபர்ராஜ். “என் கையால கலந்து, என் கையால அடிச்சது. வண்டியும் கதவும் ஒரே நிறம். இந்தத் திடல்ல எவனுக்காவது வித்தியாசம் தெரியுதுன்னா முன்னால வந்து சொல்லட்டும். இந்தத் தாடியைச் சிரைச்சு அவன் கையில குடுத்துட்டுப் போறேன்.”

மிஸ்னா சிரிப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். இந்தக் கூட்டம் எதையும் விட்டுவைக்காது. பிள்ளையைப் பறிகொடுத்தவன் வண்டி விற்க வந்தாலும் பிரேக் சரியில்லை என்று கத்தும் கூட்டம். இப்போது ஒருத்தன் சிரிக்கவில்லை. மர்ஸூக்கே வாயைத் திறந்து, ஃபர்ராஜின் கண்ணைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டான். கானிம் தரையைப் பார்த்தார். துவைனி மைக்கை இறக்கினார். பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமனாருக்கு ஊர் கொட்டிய அதே உச்சு.

“பாவம், விடுங்கப்பா,” என்றது ஒரு குரல்.

“நான் வாங்கிக்கிறேன்,” என்றார் கானிம் அவசரமாக. “ஏலம் வேணாம். நான் எடுத்துக்கிறேன். முடிஞ்சது.”

ஃபர்ராஜுக்கு எதுவும் விளங்கவில்லை. தான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தார். நெஞ்சை நிமிர்த்தி, வலது கையைத் தூக்கி மூக்குக்குக் கொண்டுபோனார். முகத்தைக் கொடுக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். “ஒரே நிறம். உருளாத வண்டி. கானிம், இது என்...”

“இரும்புக் குவியல்!”

குரல் வண்டிக்குள்ளிருந்து வந்தது. மிஸ்னா ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தாள். ஆடு மேய்க்கும்போது ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிக் கத்துவாளே, அந்தக் குரல். “இரும்புக் குவியல்! தண்ணியில உப்பு! துவைனி, மைக்குல சொல்லு! கதவு வேற நிறம், கண்ணைத் திறந்து வாங்குங்க! நாளைக்கு எங்க வாசல்ல வந்து எவனும் நிக்கக் கூடாது!”

எங்கோ ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பியது. “வீட்டுக்காரியே கவுத்துட்டாங்க!” என்று ஒருவன் கத்தினான். அந்தச் சிரிப்பு மிஸ்னாவுக்குக் குளிர்ந்த தண்ணீராக இருந்தது. சிரிக்கட்டும். பெண்டாட்டியிடம் மாட்டிக்கொண்ட மனுஷனைப் பார்த்துச் சிரிக்கலாம். உச்சுக்கொட்ட வேண்டாம்.

ஃபர்ராஜின் கை மூக்கருகேயே நின்றுவிட்டது. மெதுவாக இறக்கினார். வண்டியின் மூக்கைத் தடவிக்கொண்டே வலப்பக்கம் வந்தார். அவள் கதவில் கையை வைத்தார். குனிந்து, சட்டைப் பொத்தானைப் பார்க்கிற தூரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். அப்படியே நகர்ந்து பின்பக்கத் தகரத்தைப் பார்த்தார். மறுபடி கதவுக்கு வந்தார். அவர் மூச்சு பெயின்ட் மேல் ஆவியாகப் படிந்தது மிஸ்னாவுக்குத் தெரிந்தது.

“கானிம்.”

“சொல்லுங்க, அபூ ஷாஃபி.”

“அல்லாஹ்வுக்குப் பொதுவா சொல்லு. வேற நிறமா?”

கானிம் தொண்டையைச் செருமினார். “வேறதான்.”

“பக்கத்துல வந்து பாத்தாத்தான் தெரியுமா?”

“இல்ல,” என்றார் கானிம். “வாசல்லேருந்தே தெரிஞ்சுது.”

ஃபர்ராஜ் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“உங்க வீட்டம்மா சொன்னபடி இரும்புக் குவியலாவே எடுத்துக்கிறேன்,” என்றார் கானிம். “எனக்குக் கதவு முக்கியமில்ல. எஞ்சின்ல உங்க கை இருக்கு. லாரியும் உங்களுக்குத்தான். வாங்க, பேசி முடிச்சிடலாம்.”

“நான் இரும்பு விக்கிறவன் இல்ல தம்பி,” என்றார் ஃபர்ராஜ். “துவைனி, ஏலத்துலேருந்து எடுத்துடு. அடுத்த வண்டியைக் கூப்பிடு.”

அவர் ஓட்டுநர் பக்கம் போகவில்லை. சாவியை ஜன்னல் வழியே மிஸ்னாவின் மடியில் போட்டார். அவள் குடுவையைக் கீழே வைத்துவிட்டு, கியர் கம்பியைத் தாண்டி இடப்பக்கம் நகர்ந்தாள். அவர் நெய் நிறக் கதவைத் திறந்து ஏறி, அவள் உட்கார்ந்து சூடேறியிருந்த இடத்தில் உட்கார்ந்தார். வாசலைத் தாண்டும்வரை ஆட்கள் வழிவிட்டு நின்றார்கள்.

நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். சூரியன் புழுதிக்குள் வெளிறிப்போய்த் தொங்கியது. அவர் ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டி, கதவின் வெளிப்பக்கத்தைத் தடவிக்கொண்டு வந்தார்.

“இனிமே வர்றவன் போறவன் எல்லாம் என்னை எதிர்லயே உக்கார வச்சுக்கிட்டு என்னைப் பத்திப் பேசுவான்,” என்றார் கடைசியாக.

“பேசட்டும். நான் இருக்கேன்ல, பதில் சொல்ல.”

“சொன்னியே. ஊரே கேட்டுச்சு.”

“நான் கத்தலேன்னா முகத்தைக் குடுத்திருப்பீங்க.”

“குடுத்திருப்பேன்.” பெருமூச்சு விட்டார். “ஏன் மிஸ்னா, மூணு வருஷமா ரோட்டுல போற லாரியைச் சொன்ன, ஒட்டகத்தைச் சொன்ன, மேட்டைச் சொன்ன, பள்ளத்தைச் சொன்ன. நானும் உன் வாயைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஓட்டினேன்.”

மிஸ்னா திரும்பிப் பார்த்தாள். “தெரியுமா உங்களுக்கு?”

“காது நல்லாத்தானே இருக்கு. நாப்பது வருஷம் வாயே திறக்காதவ திடீர்னு ரோட்டைப் பத்திப் பேசினா எனக்குத் தெரியாதா? எல்லாம் சொன்னியே. நீ உக்காந்திருந்த கதவை மட்டும் ஏன் சொல்லல?”

அவள் கியரை ஒன்று குறைத்தாள்.

“லாரி நம்ம மேல மோதும். கதவு மோதாதுன்னு நெனச்சேன்.”

அவர் கையை உள்ளே இழுத்துக்கொண்டு ஜன்னலை ஏற்றினார். குடுவையைத் தடவி எடுத்து, மூடியில் காபியை ஊற்றினார். விளிம்பில் ஒரு விரலை உள்ளே விட்டுக்கொண்டு ஊற்றினார், எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று தெரிவதற்காக. வீட்டில் அவர் அப்படி ஊற்றி அவள் பார்த்ததில்லை. அவளுக்கு மறைவாகத்தான் இத்தனை நாள் அப்படி ஊற்றியிருக்க வேண்டும். ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

“முன்னால ஒரு லாரி மெதுவா போவுது,” என்றாள் பழக்கத்தில்.

ஃபர்ராஜ் அவள் பக்கம் திரும்பினார்.

“நீதானே ஓட்டுற. யாருக்குச் சொல்ற?”

மிஸ்னாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. முகத்திரைக்குள் இரண்டையும் விட்டாள். லாரியைத் தாண்டாமல் அதன் பின்னாலேயே ஊர்ந்தாள்.

“ஏன் நிறுத்திட்ட? சொல்லிக்கிட்டே வா,” என்றார் அவர். தலையை இருக்கையில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். “லாரி என்ன நிறம்?”

“பச்சை,” என்றாள்.

இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போய், நன்றாகப் பார்த்தாள்.

“பின்கதவு மட்டும் வேற. நீலம்.”